'ஃபேர்' என்றால் தமிழில் என்ன?

கேள்வி இது: "மகளுடைய ஆங்கிலப் பாடத்தில் 'தட் இஸ் நாட் ஃபேர்' என்று ஒரு வரி வந்தது. 'அது நியாயமில்லை' என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த பக்கத்திலேயே ஒரு பெண்ணின் நிறத்தை 'ஃபேர்' என்கிறார்கள். அப்புறம் 'ஃபேர் வெதர்', 'எ ஃபேர் நம்பர் ஆஃப் பீப்பிள்' என்றெல்லாம் வருகிறது. இவை ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் நிறத்துக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் சரியான சொல் எது?"

ஒரே சொல்தான். நிறமும் நியாயமும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்ப் பொருள் 'அழகு'. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைத் தமிழ்ச் சொல் கிடையாது. ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் கச்சிதமான சொல் நம்மிடம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதுதான் என் தொழில். என்னை அதிகம் அடித்துத் திருத்த வைத்த சொற்களில் இது ஒன்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் எழுதும்போது மூன்று வெவ்வேறு ஆங்கிலச் சொற்கள் 'ஃபேர்' என்றே ஆகிவிடுகின்றன. 'பஸ் ஃபேர்' என்பதில் வருவது வேறு சொல், அதற்கு ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. பயணம் போவதைக் குறித்த பழைய வினையிலிருந்து வந்தது அது. கல்லூரியில் கடைசி நாள் வைக்கும் 'ஃபேர்வெல்' அதன் உறவு. 'நல்லபடியாகப் போய் வா' என்பதுதான் அதன் பச்சைப் பொருள். 'புக் ஃபேர்' என்பதில் வருவது லத்தீன் வழி பிரெஞ்சில் நுழைந்து ஆங்கிலத்துக்கு வந்தது. விடுமுறை, திருவிழா என்பது அதன் மூலப் பொருள். திருவிழா நடந்தால் கடைகள் முளைக்கும், கடைகள் முளைத்தால் சந்தை. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வளையல் கடையும் ராட்டினமும் வருவதுபோலத்தான். எழுத்து ஒன்றாக இருந்தாலும் நீங்கள் கேட்ட ஃபேருக்கும் இதற்கும் உறவு இல்லை. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிடுவோம்.

நாம் பேச வேண்டிய ஃபேர், ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. பழைய ஆங்கிலத்தில் 'ஃபேயெர்' என்பது போல ஒலித்தது. அழகான, கண்ணுக்கு இதமான என்று பொருள். வடக்கு ஐரோப்பாவின் பழைய மொழிகளிலும் இதே சொல் இதே பொருளோடு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, இன்று வழக்கொழிந்த கோதிக் என்ற பழைய ஐரோப்பிய மொழியில் கிடைக்கும் தடயம். 4-ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை கோதிக்கில் பெயர்த்தார்கள். சாரம் போன உப்பு நிலத்துக்கும் உதவாது, எருக்குழிக்கும் உதவாது என்று லூக்கா நற்செய்தியில் ஒரு வாக்கியம் வரும். அந்த 'உதவாது' என்ற இடத்தில் கோதிக் மொழிபெயர்ப்பாளர் வைத்திருப்பது இந்தச் சொல்லின் உடன்பிறப்பை. அதாவது பொருந்தியது, ஏற்றது, தக்கது என்ற பொருளில்.

எனவே பயணம் இப்படி: இடத்துக்குப் பொருந்தியது, பொருந்தியதால் அழகானது, அழகானதால் களங்கமில்லாதது, களங்கமில்லாததால் ஒருபக்கம் சாயாதது. 13-ஆம் நூற்றாண்டில் 'முறையான' என்ற பொருள் தலைகாட்டுகிறது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'பாரபட்சமற்ற' என்ற பொருள் நிலைத்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். திருக்குறளில் நடுவு நிலைமை என்ற அதிகாரம் எந்தச் சொல்லோடு தொடங்குகிறது என்று பாருங்கள். "தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்." பகைவர், அயலார், நண்பர் என்ற மூன்று வகையாரிடமும் அவரவர்க்குரிய முறை தவறாமல் நடந்துகொண்டால், தகுதி என்ற அந்த ஒன்றே போதும் என்கிறார். தகுதி என்றால் இன்று நமக்கு வேலைக்கான குவாலிஃபிகேஷன்தான் நினைவுக்கு வரும். வள்ளுவருக்கு அது நடுவுநிலைமைக்கே பெயர். தக்கது என்பதிலிருந்து நடுநிலைக்குப் போன பாதை இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வாங்கியதல்ல. இரண்டும் தனித்தனியாக அதே இடத்துக்கு நடந்து வந்திருக்கின்றன. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை.

களங்கமின்மை என்ற படியை அகராதி புரட்டாமலே விளக்கலாம். நம் எல்லோருக்கும் அது பள்ளிக்கூடத்தில் பழக்கம். ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு. ரஃப் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், மை கொட்டியிருக்கும், கடைசிப் பக்கத்தில் பூஜ்ஜியம்-பெருக்கல் ஆட்டம் நடந்திருக்கும். ஃபேர் நோட்டுக்குப் பழுப்பு அட்டை, லேபிள், சிவப்பு மையில் மார்ஜின். ஒரு வரியில் தப்பு வந்தால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு மறுபடி எழுதிய பிள்ளைகள் உண்டு. நடுப்பக்கத்தைக் கிழித்தால் மறுபாதித் தாளும் கழன்றுகொள்ளும் என்ற பயத்தோடு. அந்த 'ஃபேர்' இதே சொல்தான். அழகான நோட்டு என்றோ நியாயமான நோட்டு என்றோ யாரும் நினைப்பதில்லை. கறை படாத நோட்டு. அந்தக் கறைபடாமையை ஒரு மனிதரின் தீர்ப்பின் மேல் வைத்துப் பாருங்கள். அவருடைய விருப்பு வெறுப்பு எதுவும் கொட்டாத தீர்ப்பு, ஃபேர் தீர்ப்பு.

எதிர்ச்சொல்லும் இதையே சொல்கிறது. ஃபேருக்குப் பழைய எதிர்ச்சொல் 'ஃபவுல்'. அழுகியது, நாறுவது, அழுக்கானது என்பது அதன் முதல் பொருள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைத் தொடங்கி வைக்கும் மூன்று சூனியக்காரிகள் அழகே அருவருப்பு, அருவருப்பே அழகு என்று பாடுவது இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான். இன்று கால்பந்தில் எதிராளியின் காலைத் தட்டிவிட்டால் நடுவர் விசில் ஊதி 'ஃபவுல்' என்கிறார். அழுக்கு ஆட்டம். அந்த ஜோடிச் சொற்கள் மைதானத்தில் இன்னும் சேர்ந்தே வாழ்கின்றன.

சரி, நிறம். இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க எனக்கு மனமில்லை.

இடைக்கால ஆங்கிலேயர் வெளிர் நிறத்தையும் பொன்னிற முடியையும் அழகு என்று கருதினார்கள். அதனால் 'அழகான' என்ற சொல்லே அந்த நிறத்தின் பெயராகவும் ஆகிப்போனது. 'ஃபேர்' என்பதற்கு வெள்ளை என்ற பொருள் வந்த வழி இதுதான். வெள்ளை நிறத்தவரே நேர்மையானவர் என்ற எண்ணத்தில்தான் நியாயம் என்ற பொருள் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. நியாயத்தின் கிளை களங்கமின்மை வழியாக வந்தது, நிறத்தின் கிளை அழகு பற்றிய ரசனை வழியாக வந்தது. ஆனால் அதனால் நிறக் கிளை குற்றமற்றது ஆகிவிடாது. ஒரு மக்கள் கூட்டத்தின் தோல் நிறத்தை 'அழகு' என்ற சொல்லாலேயே அழைத்தால், மற்ற நிறங்கள் என்னவாகும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டில் அது வியாபாரமாகவும் ஆனது. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. 'ஃபேர்னஸ்' என்றாலே கிரீம் என்று இரண்டு தலைமுறை இந்தியர்கள் புரிந்துகொண்டார்கள். ஆங்கிலத்தில் நடுநிலைமைக்கு இருக்கும் மிக நல்ல சொல், இங்கே முகத்தில் பூசும் பசைக்குப் பெயரானது. 2009-இல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பின்னால் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்ததும் நாடெங்கும் பேச்சானது. 2020-இல் அந்த கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. திருமண விளம்பரங்களிலிருந்து இன்னும் போகவில்லை.

நம் பழைய பாட்டுகளில் அழகின் நிறம் வேறு. மாந்தளிர் நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி தன் 'மாமைக் கவின்' தனக்கும் ஆகாமல், தலைவனுக்கும் உதவாமல் பசலை தின்னப் போகிறதே என்று நொந்துகொள்கிறாள். வெளுத்துப் போவது அங்கே அழகல்ல, பிரிவு தந்த நோய். உங்கள் மகள் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இதையும் சொல்லுங்கள். 'ஃபேர் கம்ப்ளெக்‌ஷன்' என்றால் வெளிர் நிறம், அவ்வளவுதான். 'நல்ல கலர்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் முதல் வரி. 'தட் இஸ் நாட் ஃபேர்' என்று ஆங்கிலக் குழந்தைகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள். நம் குழந்தைகள் 'அது நியாயமில்லை' என்றா சொல்கிறார்கள்? தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைக் கேளுங்கள். பந்து சுவரில் பட்டுக் கைக்கு வந்திருக்கும், ஒருவன் 'அவுட்' என்பான், பேட் வைத்திருப்பவன் மட்டையைத் தரமாட்டான். உடனே குரல் எழும்: 'டேய், போங்காட்டம் ஆடாத!' வேறு சில ஊர்களில் 'அழுகுணி ஆட்டம்'. யாழ்ப்பாணத்தில் 'அளாப்பாதே'. அந்த வயதுக் குழந்தையின் வாயில் வரும் 'நாட் ஃபேர்' இதுதான். எல்லோரும் ஒத்துக்கொண்ட விதியை நீ மட்டும் உனக்கு வசதியாக வளைக்கிறாய் என்ற குற்றச்சாட்டு. வீட்டுக்குள் வந்தால் சொல் மாறும். தம்பிக்கு இரண்டு முறுக்கு, தனக்கு ஒன்று என்றால் அக்கா சொல்வது 'ஓரவஞ்சனை'. இரண்டுக்கும் ஆங்கிலக் குழந்தை ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

'ஃபேர் ப்ளே' என்ற தொடர் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. தொடக்கத்தில் அது விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல, பொதுவாக நேரான நடத்தையைக் குறித்தது. விளையாட்டுகளுக்கு எழுத்தில் விதிகள் வகுக்கப்பட்டபோதுதான் அது மைதானத்தில் வேரூன்றியது. ஆனால் விதியும் ஃபேரும் ஒன்றல்ல. இதற்கு கிரிக்கெட்டில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1981, பிப்ரவரி 1, மெல்போர்ன். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒருநாள் ஆட்டம். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் நியூசிலாந்து சமன் செய்துவிடலாம். ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல், பந்து வீசிக்கொண்டிருந்த தன் தம்பி ட்ரெவர் சாப்பலிடம் கையைத் தூக்காமல் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். உருண்டு வந்த பந்தை நியூசிலாந்து மட்டையாளர் மெக்கெக்னி தடுத்துவிட்டு மட்டையை வீசி எறிந்தார். அன்றைய விதிப்படி அப்படி உருட்டுவது செல்லும். ஆனாலும் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீச்சைத் தடைசெய்தார்கள். சட்டம் அனுமதித்தது, ஃபேர் அனுமதிக்கவில்லை.

மற்றது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1947-இல் சிட்னியில் இந்தியப் பந்துவீச்சாளர் வினு மன்காட், தான் பந்து வீசும் முனையில் நின்றபடி, வீசும் முன்பே கோட்டைத் தாண்டி நகர்ந்த ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை ஸ்டம்ப்பைத் தட்டி ரன் அவுட் ஆக்கினார். அதில் தவறே இல்லை என்று ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மனே எழுதினார். ஆனாலும் அந்த அவுட்டுக்கு மன்காட் பெயரை வைத்து, பல பத்தாண்டுகள் அதை வசைபோலப் பயன்படுத்தினார்கள். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின் அதே முறையில் ஜாஸ் பட்லரை அவுட் ஆக்கியபோது உலகமே இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில் இந்த அவுட் இருந்த அத்தியாயத்தின் தலைப்பே 'அன்ஃபேர் ப்ளே' என்பதுதான். 2022-இல் கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி. அதை அங்கிருந்து எடுத்து 'ரன் அவுட்' என்ற சட்டத்துக்குள் வைத்தது. விதியின் உள்ளடக்கம் மாறவில்லை. தலைக்கு மேல் இருந்த அந்த ஒரு சொல் போனது. அந்தச் சொல் போனதற்கு எவ்வளவு பெரிய அர்த்தம்! என் கருத்தைக் கேட்டால், பந்து கையைவிட்டு வரும் முன்பே இரண்டடி திருடுபவர்தான் போங்காட்டம் ஆடுகிறார், ஸ்டம்ப்பைத் தட்டுபவர் அல்ல.

விளையாட்டைவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு வந்தால், 'ஃபேர்' நம்மிடம் 'நியாயம்' ஆகிவிடுகிறது. ரேஷன் கடையின் பலகையில் 'நியாய விலைக் கடை' என்றே எழுதியிருக்கும். 'ஃபேர் ப்ரைஸ் ஷாப்' என்பதன் தமிழ். சந்தை என்ன சொன்னாலும் சரி, இந்தப் பண்டம் இந்த விலையைத் தாண்டக் கூடாது என்று அரசு வைக்கும் ஒரு விலை. இந்தியாவில் 1948-இல் 'ஃபேர் வேஜஸ்' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அது கூலியை மூன்றாகப் பிரித்தது: உயிரும் உழைப்புத் திறனும் நிலைக்கப் போதுமான குறைந்தபட்சக் கூலி, குடும்பம் கௌரவமாக வாழ்வதற்கான வாழ்க்கைக் கூலி, இரண்டுக்கும் நடுவில் நியாயக் கூலி. நியாயக் கூலியின் கீழ் எல்லை குறைந்தபட்சக் கூலி, மேல் எல்லை அந்தத் தொழிலின் கொடுக்கும் சக்தி. ஃபேர் என்பதன் குணம் இந்த வரையறையில் அப்படியே தெரிகிறது. அது உச்சம் அல்ல, இருவரும் நிற்கக்கூடிய இடம்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருட வாடகைச் சட்டத்தில் 'ஃபேர் ரென்ட்' என்றே ஒரு பிரிவு இருந்தது. குடியிருப்பவரும் கேட்கலாம், வீட்டுக்காரரும் கேட்கலாம். மனையின் சந்தை மதிப்பையும் கட்டடச் செலவையும் தேய்மானம் கழித்துக் கூட்டி, குடியிருப்பு வீடு என்றால் அதில் வருடத்துக்கு 9 சதவீதம், கடை போன்றவை என்றால் 12 சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். அந்த இடத்தில் புதிய சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாடகையை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. 'நியாய வாடகை' என்ற பேச்சும் மெல்ல மறைகிறது. நிலம் எடுப்பில் எதிர்த்திசை. 1894-ஆம் வருட வெள்ளைக்காரச் சட்டத்தை நீக்கி 2013-இல் வந்த சட்டத்தின் பெயரே 'ஃபேர் காம்பன்சேஷன்' உரிமை என்று தொடங்குகிறது. நிலத்தை எடுப்பது அரசின் அதிகாரம் என்ற பேச்சு, நியாயமான இழப்பீடு பறிகொடுத்தவரின் உரிமை என்று மாறியது.

இந்தச் சொல்லை வேறு மொழிக்காரர்களும் எளிதில் பெயர்ப்பதில்லை. ஜெர்மானியர்கள் 'ஃபேர்' என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்; 'உன்ஃபேர்' என்று எதிர்ச்சொல்லும் செய்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விளையாட்டுக்கு 'ஃபேர் ப்ளே' என்றே சொல்கிறார்கள். ஆனால் 'ஃபேர் ட்ரையல்' என்று மனித உரிமை ஒப்பந்தத்தில் வந்தால் 'எகிதாப்ல்' என்ற லத்தீன் வழிச் சொல்லை வைக்கிறார்கள். அன்னா வியெர்ஷ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 'ஃபேர்' என்பது உலகப் பொதுவான கருத்து என்று ஆங்கிலம் பேசுபவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் அது ஆங்கிலப் பண்பாட்டுக்கே உரிய கருத்து என்பது அவர் வாதம். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சொல் அவர்களுடையது, உணர்வு எல்லோருடையது.

எங்கள் தாத்தா காலத்தில் நடந்த பாகப் பிரிவினையை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கிணற்றடி நிலம், மேட்டு நிலம், ஆறு தென்னை. மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெரிய தாத்தா இரண்டு நாள் கயிறும் குச்சியுமாக வயலிலேயே அலைந்தாராம். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாதே. அதனால் கிணற்றடிப் பக்கம் ஒரு தென்னையைக் குறைத்து, மேட்டுப் பக்கம் ஒன்றைக் கூட்டி, மறுபடி அளந்து, மறுபடி மாற்றி வைத்தார். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் நீதி பற்றி எழுதிய பெரிய நூலின் அடிப்படை யோசனை இதுதான். சமுதாயத்தில் எந்த இடம் உனக்கு வாய்க்கும் என்று தெரியாத நிலையில் நின்று விதிகளை வகுத்தால், அந்த விதிகள் ஃபேராக இருக்கும். நீதியையே அவர் 'ஃபேர்னஸ்' என்று விளக்கினார். அமர்த்தியா சென் 2009-இல் இதற்கு பதில் எழுதியபோது, வடமொழியின் நீதி, நியாயம் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டினார். விதிகளும் அமைப்புகளும் ஒழுங்காக இருப்பது நீதி. மனிதர்களின் வாழ்க்கையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது நியாயம்.

நம் பேச்சிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. 'நீதி' என்றால் கோர்ட், தீர்ப்பு, பெரிய விஷயம். 'நியாயம்' என்றால் பஞ்சாயத்து, வீட்டுத் திண்ணை, அன்றாடம். 'நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க' என்று மூன்றாவது ஆளைக் கூப்பிடுவோம். அதனால்தான் ஃபேருக்குப் பெரும்பாலான இடங்களில் 'நியாயம்' பொருந்துகிறது. 'நேர்மை' பொருந்துவது குறைவு. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஆடைத் தொழிலாளர்களுக்கான ஒரு கையேட்டில் 'ஃபேர் வேஜஸ்' என்பதை 'நேர்மையான கூலி' என்று எழுதியிருந்தேன். அச்சுக்கு முன் படித்துப் பார்க்க வந்த தையல் தொழிலாளி ஒருவர், "நாங்க நேர்மையாத்தானே சம்பாதிக்கிறோம், இதுல யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த வருத்தத்தை மறக்க முடியாது. நேர்மை ஆளின் குணம். கூலிக்கும் விலைக்கும் வாடகைக்கும் வேண்டியது நியாயம். நடத்தைக்கும் நடுவருக்கும் வேண்டியது நடுநிலை. 'ஃபேர் ஷேர்' என்பதற்கு 'உரிய பங்கு' போதும். தேர்தல் பற்றி 'ஃப்ரீ அண்ட் ஃபேர்' என்று வந்தால் 'சுதந்திரமாகவும் நேர்மையாகவும்' என்று பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. அங்கே அது சரிதான், ஏனென்றால் நடத்துபவரின் குணத்தைத்தான் பேசுகிறோம்.

தமிழ் இந்த உணர்வைப் பார்க்கும் விதமே வேறு. ஆங்கிலத்தின் 'ஃபேர்' கறைபடாமையிலிருந்து வளர்ந்தது. தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை வளையாமையிலிருந்து வளர்ந்தவை. நேர் என்பதிலிருந்து நேர்மை. வளையாத கோல் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். தராசைப் போல ஒரு பக்கம் 'கோடாமை' சான்றோர்க்கு அணி என்கிறது குறள். ஓரமாகச் சாய்வது ஓரவஞ்சனை. சபையில் ஒருபக்கமாகப் பேசியவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று 'மன்றோரம் சொன்னார் மனை'யைச் சபிக்கிறது நல்வழி. ஆங்கிலத்திலும் இந்த உருவகம் இல்லாமல் இல்லை. 'ராங்' என்பதன் பழைய பொருள் முறுக்கியது, கோணியது. நம்மிடமும் கறையின் உருவகம் இல்லாமல் இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும் இடம் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. நுகத்தடியின் நடுவில் இருக்கும் பகலாணிபோல நடுவு நின்ற நெஞ்சினர். 'வடு அஞ்சி', அதாவது தம்மேல் ஒரு தழும்பு விழுமே என்று அஞ்சி, உண்மை பேசுபவர்கள். 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' விற்றார்கள். வாங்கும்போது அதிகம் எடுக்கவில்லை, கொடுக்கும்போது குறைத்துத் தரவில்லை. 'ஃபேர் ட்ரேட்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை.

மிச்சமிருக்கும் வழக்குகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 'ஃபேர் வெதர்' என்றால் மழையும் புயலும் இல்லாத வானிலை. மாசு மறுவற்ற வானம் என்ற பழைய பொருள்தான். 'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்' வந்தால் மூதுரையின் 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை' அப்படியே பொருந்தும். 'எ ஃபேர் நம்பர்' என்றால் 'ஓரளவு பேர்', 'கணிசமானவர்கள்'. ரிப்போர்ட் கார்டில் 'ஃபேர்' என்று போட்டிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 'குட்' என்பதற்குக் கீழே, 'சுமார்' என்று அர்த்தம். அழகு என்று தொடங்கிய சொல் சுமார் வரை இறங்கியது வியப்பாக இருக்கலாம். 'பரவாயில்லை' என்று நாம் சொல்வதையும் இப்படித்தான், எவ்வளவு குறைவாக வேண்டுமானாலும் நீட்டிக்கொள்கிறோம். 'டு பி ஃபேர்' என்று வாக்கியம் தொடங்கினால் 'நியாயமாகச் சொல்லணும்னா', 'உள்ளதைச் சொல்லணும்னா'. எதிராளியின் பக்கம் ஒரு நல்லதை ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். 'ஃபேர் இனஃப்' என்றால் 'அதுவும் நியாயம்தான்'. பேச்சில் வெறும் 'சரி' போதும்.

உங்கள் மகளுக்கு 'தட் இஸ் நாட் ஃபேர்' என்பதை எப்படிச் சொல்லித் தருவது? பாடத்தில் அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டில் என்றால் 'இது போங்காட்டம்'. அம்மாவிடம் என்றால் 'இது ஓரவஞ்சனை'. கடைக்காரரிடமோ முதலாளியிடமோ என்றால் 'இது நியாயமில்லை'. அந்த மூன்றையும் அவள் வாயால் சொல்ல வைத்து, மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்று காட்டுங்கள். பரீட்சைத் தாளில் மட்டும், நீங்கள் ஏற்கெனவே சொல்லித் தந்தபடி 'அது நியாயமில்லை' என்றே எழுதட்டும்.